நோயாளியின் நாட்டம் என்ன? கேட்டறிவோம், நிறைவேற்றித் தருவோம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி, இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வல்ல அல்லாஹ்வைப் போற்றிப் புகழ்ந்து, அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் ஓதித் தொடங்குகின்றோம்.

 

வரவு செலவு, கல்வி உதவி, கபரஸ்தான் சுற்றுச்சுவர் ஆகியவை குறித்து நிர்வாகிகள் விரிவாகப் பேசியமர்ந்தார்கள். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்று. ஆயினும் நம் மஹல்லாவின் எந்தத் தெருவும் அதிலிருந்து தப்பவில்லை. புற்றுநோயைத்தான் குறிப்பிடுகின்றோம். அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சி, 'அந்த நோய்' என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்கிறோம். அந்நோய் முற்றிவிட்ட நிலையில் வாழ்ந்துகொண்டிருக்கும் நம் சகோதர சகோதரிகளின் விருப்பங்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

அவர்களைக் காண நாம் செல்கிறோம். பழம் வாங்கிச் செல்கிறோம், துஆச் செய்கிறோம், யாசீன் ஓதுகிறோம், பொறுமையைப் போதிக்கிறோம். இவை யாவும் நல்லவையே. ஆனால், "உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்? எதைச் செய்து முடிக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

நபி (ஸல்) அவர்கள் ஒரு நோயாளியை நலம் விசாரிக்கச் சென்றபோது, அவர் எதை விரும்புகிறார் என்று வினவினார்கள். கோதுமை ரொட்டி வேண்டும் என்று அவர் சொன்னார். கோதுமை ரொட்டி வைத்திருப்பவர் தம் சகோதரருக்கு அனுப்பித் தரட்டும் என்று பெருமானார் (ஸல்) அங்கிருந்தோரிடம் கூறினார்கள். இச்செய்தி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறுவர். எனினும், நோயாளியின் நாட்டத்தைக் கேட்டறிந்து ஊரார் நிறைவேற்றித் தருவது என்ற பண்பு, மார்க்கத்தின் பொதுவான போதனைக்கு முற்றிலும் இசைவானது என்பதில் ஐயமில்லை.

நோய் முற்றிவிட்டது என்பதன் பொருள்

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தோன்றிய உறுப்பைக் கடந்து கல்லீரல், நுரையீரல், எலும்பு, மூளை போன்ற இடங்களுக்கு நோய் பரவிவிட்டால், அதனை மருத்துவர்கள் நான்காம் நிலை என்கின்றனர். பெரும்பாலும் அந்நிலையில் நோயை அடியோடு நீக்குவது இயலாது. நோயைக் கட்டுப்படுத்துவதும், வேதனையைத் தணிப்பதுமே சிகிச்சையின் நோக்கமாகின்றன.

ஆனால் நான்காம் நிலை என்றவுடன் நாளையே மரணம் என்று எண்ணுவது பிழை. நோயின் வகையைப் பொறுத்துச் சிலர் சில வாரங்களும், சிலர் பல மாதங்களும், மார்பகப் புற்றுநோய் போன்றவற்றில் சிலர் பல ஆண்டுகளும் வாழ்கின்றனர். ஆயுளின் அளவை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. மருத்துவர் கூறுவது அனுபவத்தின் அடிப்படையிலான கணிப்பு மட்டுமே.

அந்தக் காலம் வெறுமனே காத்திருக்கும் காலம் அன்று. அது வாழும் காலம். வாழ்பவருக்கு விருப்பங்கள் உண்டு. முடிக்க வேண்டிய காரியங்கள் உண்டு. நம்மிடம் உள்ள குறை யாதெனில், நோய் முற்றிய ஒருவரைக் கண்டதும், அவருக்கு இனி விருப்பம் ஏது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவர் உயிருடன் இருக்கும்போதே அவரைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர், பிறர் தீர்மானிக்கின்றனர்.

துஆவும் ஏற்பாடும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல

"இப்படிப்பட்ட பேச்சை எடுத்தால் நோயாளி மனம் உடைந்துவிடுவாரே? ஷிஃபாவுக்காக துஆச் செய்ய வேண்டிய நேரத்தில் வஸிய்யத்தைப் பற்றிப் பேசலாமா?" என்று சிலர் கேட்கின்றனர். இதற்கு ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியில் விடை இருக்கிறது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, ஹஜ்ஜத்துல் விதாவின்போது மக்காவில் அவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். மரணத்தின் விளிம்பில் இருப்பதாகவே எண்ணினார்கள். நபி (ஸல்) அவர்கள் காண வந்தார்கள். ஸஅத் (ரலி) தம் மனத்திலிருந்ததைத் திறந்து சொன்னார்கள். தமக்குச் செல்வம் இருக்கிறது, வாரிசாக ஒரு மகள்தான் இருக்கிறார், செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்துவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று பதில் வந்தது. பாதியையாவது? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு? அதற்கு அனுமதி கிடைத்தது. அதுவே அதிகம்தான் என்ற குறிப்பும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவு உடையவர்களாக விட்டுச் செல்வதே சிறந்தது என்ற அறிவுரையும் உடன் கிடைத்தன.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள், "சொத்துப் பேச்சு இப்போது எதற்கு?" என்று அவருடைய வாயை அடைக்கவில்லை. அவரது விருப்பத்தைக் கேட்டார்கள், எல்லையைக் காட்டினார்கள், நிறைவேற்றத்தக்க அளவுக்கு அதனைச் சீர்செய்து தந்தார்கள். அதே அமர்வில் அவருடைய நெற்றியில் கரம் வைத்து, அவர் குணமடையவும் துஆச் செய்தார்கள். ஷிஃபாவுக்கான துஆவும் இறுதி ஏற்பாடும் ஒரே கட்டிலருகே, ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. அதன் பின்னர் ஸஅத் (ரலி) நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள். காதிஸிய்யாப் போரின் தளபதியானார்கள். வஸிய்யத்தைப் பற்றிப் பேசியதால் அவர்களின் ஆயுள் ஒரு நாளும் குறைந்துவிடவில்லை.

உமர் (ரலி) அவர்களின் இறுதி நாட்களையும் எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு (கி.பி. 644) கத்தியால் குத்தப்பட்டுக் கிடந்தபோது, குடித்த பால் காயத்தின் வழியே வெளியேறியது. அதைக் கண்ட மருத்துவர், செய்ய வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுமாறு வெளிப்படையாகச் சொன்னார். அவர் உண்மையைச் சொன்னார் என்று உமர் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் தம் மகனிடம் கடன்களைக் கணக்கிடச் சொன்னார்கள். அது எண்பத்தாறாயிரம் அளவில் இருந்தது. அதை எவ்வாறு அடைப்பது என்றும் வழிகாட்டினார்கள். தமக்குப் பின் ஆட்சிப் பொறுப்பைத் தீர்மானிக்க அறுவர் குழுவை நியமித்தார்கள். இறுதியாக, தம் இரு தோழர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற ஆசையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் தெரிவித்து அனுமதி பெற்று வரச் செய்தார்கள். ஆட்சியாளர் என்ற மரியாதைக்காக அனுமதி தந்திருக்கலாம் என்று கருதி, தாம் இறந்த பிறகு மீண்டும் ஒருமுறை அனுமதி கேட்கும்படியும் பணித்தார்கள். கடன், பொறுப்பு, சொந்த விருப்பம் ஆகிய மூன்றும் மூன்றே நாட்களில் ஒழுங்காயின. மருத்துவர் உண்மையை மறைத்திருந்தால் இவற்றுள் எது நடந்திருக்கும்?

மறைப்பதால் விளையும் கேடு

நம் வீடுகளில் நடப்பது என்ன? மருத்துவர் மகனைத் தனியே அழைத்துச் சொல்கிறார். மகன் மருமகனிடம் சொல்கிறார். ஊருக்கே தெரிந்துவிடுகிறது. நோயாளி ஒருவருக்கு மட்டும் தெரியாது. அல்லது அவருக்கும் தெரியும். குடும்பத்தார் வருந்துவார்களே என்று அவரும் தெரியாதது போல் நடிக்கிறார். இரு தரப்பாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டே கடைசி நாட்களைக் கழிக்கின்றனர்.

நாம் அறிந்த வியாபாரி ஒருவரின் வீட்டில், வயிற்றுப் புண் என்று சொல்லியே எட்டு மாதங்கள் கடத்தினர். குணமானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று, பழைய கூட்டாளியுடன் இருந்த கணக்கை அவர் தள்ளிவைத்துக்கொண்டே வந்தார். இறுதி வாரத்தில் நினைவு தப்பியது. ஜனாஸா எடுக்கப்படும் நேரத்தில் கூட்டாளி வந்து நின்றார். கணக்கு எவருக்கும் தெரியவில்லை. இரு குடும்பங்களும் இன்றளவும் பேசிக்கொள்வதில்லை. அவருக்கு ஒரு மாதம் முன்னதாக உண்மை தெரிந்திருந்தால், ஒரு மாலைப் பொழுதில் முடிந்திருக்கும் காரியம் அது.

இந்நிலை நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. அமெரிக்காவில் நான்காம் நிலைப் புற்றுநோய்க்கு கீமோதெரபி பெற்றுவந்த 1,193 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அந்தச் சிகிச்சை தங்கள் நோயை முற்றாக நீக்க வாய்ப்பில்லை என்பதை, நுரையீரல் நோயாளிகளில் 69 விழுக்காட்டினரும், குடல் புற்றுநோயாளிகளில் 81 விழுக்காட்டினரும் சரிவர விளங்கியிருக்கவில்லை. விளங்காதவர் எதைத் திட்டமிட இயலும்?

ஆகவே எல்லாரிடமும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும். அறிய விரும்புபவருக்கு மென்மையாக, சிறிது சிறிதாக, பொய் கலவாமல் சொல்ல வேண்டும். அறிய விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. தெரிந்துகொள்ளும் உரிமையும், தெரியாமல் இருக்கும் உரிமையும் அவருக்கே உரியவை.

விருப்பங்கள் எத்தகையவை?

பெரிய ஆசைகளை நாம் எதிர்பார்க்கிறோம். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அவை சிறியவையாகவே இருக்கின்றன. திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்க்க வேண்டும். ஒரு ஜுமுஆவுக்காவது பள்ளிக்கு வர வேண்டும். பேத்தி முதன்முதலில் குர்ஆன் ஓதி முடிக்கும் நாளில் அருகில் இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாட்டைத் தன் கையால் கட்டித் தர வேண்டும். பேசாதிருக்கும் தம்பியிடம் பேச வேண்டும். மருத்துவமனையில் அல்லாமல் சொந்த வீட்டில் உயிர் பிரிய வேண்டும். சிலருக்கு இன்னும் சில மாதம் கடையைத் திறந்து வியாபாரம் பார்க்க வேண்டும் என்பதே விருப்பம். அதிலும் பொருள் உண்டு. தாம் பயனற்றுப் போய்விடவில்லை என்ற உணர்வு மாத்திரைகள் தராத தெம்பைத் தருகிறது.

விருப்பங்கள் மாறும் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். உடல் தளரத் தளர, நேற்று இயன்றது இன்று இயலாது போகும். கைகூடாத இலக்கைப் பற்றிக்கொண்டு தவிப்பவருக்கு வேதனை மிகுகிறது என்றும், அதை விட்டு இயன்ற வேறொன்றில் மனத்தைச் செலுத்துபவருக்கு அமைதி கிட்டுகிறது என்றும் உளவியல் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். உம்ராவுக்குச் செல்ல எண்ணியிருந்த ஒரு மூதாட்டிக்குப் பயணம் இயலாது என்றாயிற்று. நாட்கணக்கில் அழுதார். பின்னர், சேமித்து வைத்திருந்த தொகையில் பாதியை இரு அனாதைப் பிள்ளைகளின் கல்விக்குத் தந்தார். அப்பிள்ளைகள் அவரைக் காண வந்த மாலையில் அவர் முகத்தில் தெரிந்த ஒளியை நாம் மறக்க இயலாது. அவருடைய நிய்யத்திற்கான கூலியை அல்லாஹ் வீணாக்கமாட்டான். புதிய வழியைக் காண அவருக்குத் துணை நின்றது அவருடைய மகளின் கேள்விதான்: "உம்மா, வேறு என்ன செய்தால் உங்கள் மனசு ஆறும்?"

கையில் ஒரு மரக்கன்று இருக்கும்போது உலக முடிவே வந்தாலும், முடிந்தால் அதை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை நாம் அறிவோம். அந்த மரத்தின் நிழலில் அமரப்போவது யார் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நோய் முற்றியவரின் கையிலும் ஒரு கன்று இருக்கிறது. அதை நட அவருக்கு மண்ணைத் தோண்டிக் கொடுப்பதே நம் கடமை.

விருப்பம் அறிந்தால் சிகிச்சையும் சீராகும்

நோயாளியின் விருப்பத்தை அறிவது மனத்தைத் தேற்றுவதற்கு மட்டும் உரியதன்று. மருத்துவ முடிவுகளுக்கும் அதுவே வழிகாட்டி. அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தமது எழுத்தில் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறார். நோய்த் தணிப்பு மருத்துவரான சூசன் பிளாக் என்பவரின் தந்தைக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, எந்த நிலையில் உயிர் வாழ்வது தங்களுக்கு ஏற்புடையது என்று மகள் கேட்டார். சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிடவும், தொலைக்காட்சியில் கால்பந்தாட்டம் பார்க்கவும் முடிந்தால் போதும் என்றார் அந்தப் பேராசிரியர். மகளுக்கே அது வியப்பாக இருந்தது. மறுநாள் இரத்தக் கசிவு ஏற்பட்டு, மீண்டும் அறுவை செய்யலாமா என்று உடனடியாக முடிவெடுக்கும் நிலை வந்தது. அவ்விரண்டும் அவருக்கு இயலுமா என்று மட்டும் மகள் கேட்டார். இயலும் என்றதும் சம்மதித்தார். தந்தை அதன் பின் பல ஆண்டுகள் வாழ்ந்து நூல்களும் எழுதினார். முதல் நாள் கேட்ட கேள்வி மறுநாள் குடும்பத்தின் தடுமாற்றத்தைத் தீர்த்தது.

பாஸ்டன் நகரில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலிருந்தே நோய்த் தணிப்பு மருத்துவமும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தனர். இறுதிக் காலத்தில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றனர். ஆயினும் அவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். நோய்த் தணிப்பு மருத்துவம் என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் கொள்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மார்ஃபின் மருந்தைப் பற்றி ஒரு சொல். போதைப் பொருள் ஆயிற்றே, ஹராம் ஆயிற்றே என்று அஞ்சி, நோயாளியை வேதனையில் துடிக்கவிடும் வீடுகள் உள்ளன. கடும் வலிக்கு மருத்துவர் அளவறிந்து தரும் மருந்து போதைக்கான நுகர்வு ஆகாது. அவசியத்தின் பேரில் மார்க்க அறிஞர்கள் அதனை அனுமதித்துள்ளனர். உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்கான படிநிலை மருத்துவ முறையில் மார்ஃபினைச் சேர்த்துவிட்டது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது கிடைப்பது அரிதாயிருந்தது. 2014இல் வந்த திருத்தம் அதனை எளிதாக்கியது. "மயக்கம் வந்து தொழுகை தவறிவிடுமோ?" என்று கவலைப்படும் நோயாளி, அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பஜ்ரு நேரத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு விருப்பம்தான். அதற்கேற்ப மருந்தின் அளவையும் நேரத்தையும் அமைக்க அவர் முயல்வார்.

வணக்கம் சார்ந்த நாட்டங்கள்

நோயாளிகள் நம்மிடம் அதிகமாகக் கண்ணீருடன் கேட்பது தொழுகையைப் பற்றியே. குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் பை பொருத்தப்பட்டவர்களும், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்களும், தாம் எப்போதும் அசுத்தமாக இருப்பதாகக் கருதித் தொழுகையையே விட்டுவிடுகின்றனர். சகோதரர்களே, இது தேவையற்ற துயரம். அவர்கள் சட்டத்தில் தங்கடம் உடையவர்கள். தொழுகை நேரம் வந்ததும் இயன்ற அளவு சுத்தம் செய்து, அந்தத் தொழுகைக்கென உளூச் செய்து தொழுதால் போதுமானது. தண்ணீர் தீங்கு தருமானால் தயம்மும் உண்டு. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம். குணமடையும் எதிர்பார்ப்பு இல்லாத நோயாளிக்கு நோன்புக்குப் பகரமாக ஃபித்யா உண்டு. வசதி இருந்தும் பயணம் இயலாதவருக்காகப் பிறர் ஹஜ் செய்யும் வழியும் உண்டு. மத்ஹபுகளுக்கு இடையே இவற்றின் விவரங்களில் வேறுபாடு இருப்பதால், தத்தம் நிலையைச் சொல்லி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தயங்க வேண்டாம், வீட்டுக்கு வந்து விளக்கவும் நாம் ஆயத்தமாக உள்ளோம்.

கடன், சொத்து, உறவு

சொத்து ஏற்பாட்டில் காலம் மிக முக்கியம். மரண நோய் எனக் கருதப்படும் நிலையில் ஒருவர் செய்யும் அன்பளிப்பு, வஸிய்யத்தின் சட்டத்துக்கு உட்படும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிச் செல்லாது. வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். கடைசி வாரத்தில் கைரேகை வாங்கி எழுதப்படும் பத்திரங்கள் பின்னாளில் எத்தனை பஞ்சாயத்துகளாக நம் பள்ளியின் முற்றத்துக்கே வந்துள்ளன என்பதை நிர்வாகிகள் அறிவர்.

வஸிய்யத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் முன்னர் கடன் அடைக்கப்பட வேண்டும். மனைவிக்குத் தராதிருக்கும் மஹரும் கடனே என்பதை ஆண்கள் நினைவிற்கொள்க. யாருடைய அமானிதம் யாரிடம் இருக்கிறது என்பதை இரு சாட்சிகளுடன் எழுதி வைத்தால், அவர் மனமும் இலேசாகும். பின்னால் இருப்போரும் பகை கொள்ளமாட்டார்கள்.

சொல்லிச் செல்ல வேண்டிய சொற்களும் ஒரு சொத்தே. கனடா நாட்டு மனநல மருத்துவர் ஹார்வி சொச்சினோவ், மரணத்தை நெருங்கியவர்களிடம் அவர்களுடைய வாழ்வின் முக்கிய நினைவுகள், பெருமைகள், பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புபவை ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்து, எழுதிச் சீர்செய்து அவர்களிடமே ஒப்படைக்கும் முறையை வகுத்தார். 100 பேரிடம் நடத்திய முதல் ஆய்வு 2005இல் வெளியாயிற்று. அவர்களில் 76 விழுக்காட்டினர் தம் கண்ணியம் உயர்ந்ததாக உணர்ந்தனர். இதற்குப் பெரும் பயிற்சி வேண்டியதில்லை. பேரப்பிள்ளை ஒருவர் கைப்பேசியில் அத்தாவின் குரலைப் பதிவு செய்யலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று வந்த தலைமுறையின் கதைகள் எழுதப்படாமலே கபருக்குள் சென்றுவிட்டன. இனியேனும் எழுதிக்கொள்வோம்.

பெண்களிடம் கேட்கிறோமா?

இதனைத் தனியே வலியுறுத்த வேண்டியுள்ளது. ஆண் நோயாளியிடமாவது சில நேரங்களில் கருத்துக் கேட்கிறோம். பெண் நோயாளி என்றால் கணவரும் மகன்களும் சகோதரர்களும் கூடிப் பேசி முடித்துவிடுகின்றனர். இன்னொரு முறை சென்னைக்கு அழைத்துச் செல்வதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பது குறித்து, கட்டிலில் கிடக்கும் தாயிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "நமக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளைகள் நன்றாக இருந்தால் போதும்" என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு விலகிவிடக் கூடாது. பிறருக்குச் சுமையாகிவிடுவோமோ என்ற அச்சமே பெரும்பாலும் அவ்வாறு பேச வைக்கிறது. மகளோ, சகோதரியோ தனியே அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

அண்டை மாநிலமான கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த் தணிப்புப் பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். சாதாரண மக்கள் தந்த சிறு தொகைகளே அதன் மூலதனம். 2008இல் இத்துறைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமாகக் கேரளம் ஆனது. தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே நோய்த் தணிப்புச் சேவை சேர்க்கப்பட்டது. மலப்புரத்து மக்களால் இயன்றது நம் மஹல்லாவாலும் இன்ஷா அல்லாஹ் இயலும். ஜமாஅத்தின் பரிசீலனைக்குச் சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, ஆண்கள் ஐவர், பெண்கள் ஐவர் கொண்ட நோயாளர் துணைக் குழு ஒன்றை அமைத்து, அருகிலுள்ள நோய்த் தணிப்பு மருத்துவப் பிரிவில் பயிற்சி பெறச் செய்வது.

இரண்டாவது, தண்ணீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி, சாய்வுக் கட்டில் ஆகியவற்றை வாங்கிப் பள்ளியின் பொறுப்பில் வைத்து, சாதி மத வேறுபாடின்றித் தெருவில் எவர் கேட்டாலும் இரவல் தருவது.

மூன்றாவது, பைத்துல்மாலில் ஒரு சிறு தொகையை நோயாளிகளின் விருப்பத்திற்கென ஒதுக்குவது. ஒருவரை ஜுமுஆவுக்கு வண்டியில் அழைத்து வரவும், வெளியூரில் உள்ள சகோதரியை அழைத்து வரவும் ஆகும் செலவு சொற்பமே. ஏழை நோயாளிக்கு ஜகாத்திலிருந்து தருவதற்கும் தடையில்லை.

நான்காவது, வஸிய்யத், கடன் விவரம் எழுத விரும்புவோருக்கு ஆலிம் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் வீட்டுக்கே சென்று உதவுவது.

நோயாளியைக் காணச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டமாகச் செல்லாதீர்கள்; நெடுநேரம் அமராதீர்கள். இன்னாருக்கும் இதே நோய்தான் வந்தது என்று பிறர் மரணத்தை எடுத்துரைக்காதீர்கள். கேட்காத மருந்தையும் மூலிகையையும் பரிந்துரைக்காதீர்கள். இந்த நோய் எந்தப் பாவத்தின் தண்டனையோ என்ற பேச்சை அறவே விடுங்கள். அமர்ந்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். பிறகு நான்கு கேள்விகளை, அவர் மனநிலை அறிந்து மெல்லக் கேளுங்கள். உங்கள் நோயைப் பற்றி என்ன விளங்கியிருக்கிறீர்கள்? உங்களுக்கு மிகவும் கவலை தருவது எது? இந்த நாட்களில் செய்து முடிக்க விரும்புவது எது? அதற்காக எதைத் தாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறீர்கள், எதைத் தாங்க இயலாது? ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது. மறுபடியும் செல்லுங்கள். கேட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நிறைவேற்ற இயலாததை வாக்களிக்காதீர்கள், இயன்றதைத் தாமதிக்காதீர்கள். அவருடைய நாட்காட்டியில் அடுத்த வாரம் என்பது நாம் நினைப்பது போன்று நிச்சயமானதன்று.

அன்பர்களே, இன்று நலமுடன் அமர்ந்திருக்கும் நம்மில் யார் நாளை அந்தக் கட்டிலில் இருப்போம் என்பதை நாம் அறியோம். அன்று நம்மிடம் யாரேனும் வந்து, "என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டுமானால், அந்த வழக்கத்தை இன்றே இந்த மஹல்லாவில் நாம் உண்டாக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! எவருடைய காலத்தை நீ நெருக்கி வைத்திருக்கிறாயோ அவர்களுக்கு வேதனையை இலேசாக்கி, நல்ல நாட்டங்களை நிறைவேற்றி, ஈமானுடன் உன்னிடம் வந்து சேரும் பாக்கியத்தைத் தருவாயாக! அவர்களைப் பராமரிக்கும் கரங்களுக்கு வலிமையையும், அவர்களைச் சூழ்ந்திருக்கும் எங்களுக்குக் கேட்கும் செவியையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.